தீப்புண் ஆற்றும் இழை

விருதுநகரிலிருந்து தென்மேற்குத் திசையில் செல்வோர் கண்ணுக்குக் கரிசல் நிலமே பெரிதும் தென்படும். அது மழை குறைந்த நிலப்பகுதி. ஆற்றுப் பாய்ச்சலும் மிகுதியாக இல்லை. வானத்தை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் விளைவித்த மக்கள் பிழைப்புக்கு வேறு வழியும் தேட வேண்டியவர் ஆயினர். 1922-ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தாவுக்குச் சென்று, தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்று வந்தனர். அவர்கள் தொடங்கிய தொழில் வளர்ந்தது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சுத் தொழிலும் அங்கு வேரூன்றின. மழை குறைவே இத்தொழில்களுக்கு வாய்ப்பாக அமைந்தது எனலாம். ஈரம் இல்லாத காற்றில் மருந்து நமுத்துப் போவதில்லை. ஒட்டிய காகிதமும் விரைவில் உலர்கிறது. இன்று நம் நாட்டில் வெடிக்கப்படும் பட்டாசுகளில் மிகப் பெரும்பகுதி சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் ஆகிய வட்டாரங்களில் செய்யப்படுவதே ஆகும்.

ஆயினும், வெடிமருந்தோடு பழகும் தொழில் எப்போதும் இடர் நிறைந்தது. மருந்து கலக்கும்போதோ குழாயில் இடிக்கும்போதோ ஏற்படும் சிறு உராய்வும் தீயாக மாறக்கூடும். 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் நேர்ந்த விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தனர். இறந்தோரின் தொகையைச் செய்தித்தாள்கள் கூறுகின்றன. உயிர் பிழைத்தோரின் துன்பமோ பல திங்கள் மருத்துவமனைப் படுக்கையில் தொடர்கிறது. சிலருக்கு வாழ்நாள் முழுவதும் தொடர்கிறது. வெந்த கை ஆறும்போது தோல் சுருங்கி, விரல்கள் மடங்கி ஒட்டிக்கொள்வது உண்டு. திரி சுற்றியும் சரம் பின்னியும் விரல்களாலேயே வாழ்பவருக்கு விரல் மடங்குவது பிழைப்பே மடங்குவது போன்றது. ஆதலின், தீப்புண்ணை விரைவாகவும் செம்மையாகவும் ஆற்றுவது எங்ஙனம் என்னும் வினா அவ்வட்டாரத்து மக்களுக்கு வாழ்க்கை வினாவாகும். இவ்வினாவிற்கு அறிவியல் கண்ட விடைகளுள் ஒன்றை இப்பாடத்தில் காண்போம்.

முதலில் தோலின் இயல்பை அறிதல் வேண்டும். தோலை உடலின் போர்வை என்று மட்டும் கருதுவது தவறு. அதுவும் இதயத்தையும் நுரையீரலையும் போன்ற ஓர் உறுப்பே. வளர்ந்த ஒருவருடைய தோலை விரித்தால் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரை இருக்கும். அது உடலின் நீரை வெளியே போகாமல் காக்கிறது. நோய்க் கிருமிகளை உள்ளே வரவிடாமல் தடுக்கிறது. உடலின் வெப்பத்தைச் சீராக வைக்கிறது. அதன் மேலே மெல்லிய மேல்தோலும், அதன் கீழே தடித்த உள்தோலும் அமைந்துள்ளன. உள்தோலில் குருதிக் குழாய்களும், நரம்புகளும், மயிர்க்கால்களும், வியர்வைச் சுரப்பிகளும் இருக்கின்றன.

தீ மேல்தோலை மட்டும் சுட்டால் சிவப்பும் எரிச்சலும் உண்டாகிச் சில நாள்களில் மாறிவிடும். உள்தோலின் ஒரு பகுதியும் வெந்தால் கொப்புளம் எழும், வலி மிகும். ஆயினும் மயிர்க்கால்களையும் வியர்வைச் சுரப்பிகளையும் சுற்றியுள்ள உயிரணுக்கள் எஞ்சியிருப்பதால் அவற்றிலிருந்து புதுத்தோல் தழைக்க முடியும். உள்தோல் முழுவதும் வெந்துவிட்டால் நரம்பு முனைகளும் அழிந்து, அவ்விடத்தில் வலிகூடத் தெரியாது. வலி இல்லையென்று மகிழ்வதற்கு இடமில்லை. அதுவே கொடிய தீப்புண். அங்கே தோல் தானாக முளைக்க வழியில்லை. உடலின் வேறோர் இடத்திலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து மருத்துவர் ஒட்டுதல் வேண்டும்.

தோல் போன இடத்தில் உடலின் நீர் கசிந்துகொண்டே இருக்கும். கிருமிகள் எளிதில் குடியேறும். ஆதலால் புண்ணை மூட வேண்டும். எதனால் மூடுவது? நெடுங்காலமாக வலைபோல் நெய்த பருத்தித் துணியே பயன்பட்டு வந்துள்ளது. அது புண்ணில் ஒட்டிக்கொள்ளும். அதை மாற்றும்போது நோயாளி வலியால் துடிப்பார். அன்றியும், புதிதாக அரும்பிய மெல்லிய தோலும் துணியோடு சேர்ந்து பிய்ந்து வரும். ஆற்ற வந்த துணியே ஆறுவதைக் கெடுப்பதைப் பாருங்கள்! இக்குறையைப் போக்க, ஒட்டாத இயற்கைப் பொருள்களையும் நம் நாட்டு மருத்துவர்கள் நாடினர். மும்பை மருத்துவர்கள் வாழையிலையையும், வேகவைத்த உருளைக்கிழங்கின் தோலையும் தீப்புண்ணின் மேல் இட்டுப் பயன் கண்டனர். இவை குறைந்த செலவில் வலியைக் குறைத்தன. எனினும் இவையும் புண்ணுக்கு அயலாகவே இருந்து, பின்னர் எடுக்கப்பட வேண்டியவையே.

புண்ணை மூடிக் காக்கும் பொருள் புதுத்தோல் வளர்வதற்குத் தாங்கலாகவும் இருந்து, வேலை முடிந்ததும் தானே மறைந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! கட்டடம் எழுப்பும் கொத்தனார் முதலில் சவுக்குக் கம்புகளால் சாரம் கட்டுகிறார். சுவர் எழும்பும் வரையில் சாரம் நிற்கிறது. சுவர் முடிந்ததும் சாரம் பிரிக்கப்படுகிறது. உடலுக்குள் கட்டும் சாரத்தைப் பிரிப்பதற்கு மீண்டும் கத்தி வைக்க இயலுமா? அது தானாகவே பிரிந்து கரைய வேண்டும். இத்தகைய சாரமாகப் பயன்படுவனவே உடலில் சிதையும் பலபடிகள்.

பலபடி என்பது யாது? சரவெடி பின்னுவோர் சிறுசிறு வெடிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திரியோடு சேர்த்துப் பின்னி நீண்ட சரமாக்குவர். அவ்வாறே சிறு மூலக்கூறுகள் நூற்றுக்கணக்காகவும் ஆயிரக்கணக்காகவும் ஒன்றோடொன்று பிணைந்து நீண்ட சரமாவது உண்டு. அச்சரத்தையே பலபடி என்பர். ஆங்கில வழக்கைத் தழுவிப் பாலிமர் என்றும் கூறுவர். பருத்தி இழையும் பட்டு நூலும் இயற்கை தந்த பலபடிகள். பாலித்தீன் மனிதன் செய்த பலபடி. பாலித்தீன் சரத்தின் பிணைப்புகளை நீரோ உடலின் நொதிகளோ எளிதில் அவிழ்க்க மாட்டா. ஆகவே அது மண்ணிலும் நெடுங்காலம் கிடக்கிறது. வேறு சில பலபடிகளின் பிணைப்புகளையோ நீரும் நொதியும் சிறிது சிறிதாக அவிழ்த்துவிடுகின்றன. அவிழ்ந்த மணிகள் உடலுக்குத் தீங்கு செய்யாதவையாக இருந்தால், அப்பொருளை மருத்துவத்தில் அச்சமின்றிப் பயன்படுத்தலாம்.

இத்தகைய பலபடிகளுள் ஒன்றை நம் உடலே செய்துகொள்கிறது. அதன் பெயர் கொலாஜன். நம் உடலில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கொலாஜனே ஆகும். உள்தோலுக்கு உறுதி தருவதும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணுக்கு வலிமை தருவதும், எலும்பு நொறுங்காமல் காப்பதும் இந்தப் புரத இழையே. எலும்பையும் தோலையும் நெடுநேரம் கொதிக்க வைத்தால் கிடைக்கும் வழுவழுப்பான ஜெலட்டின், கொலாஜன் குலைந்து உண்டான பொருளே.

கொலாஜன் இவ்வளவு வலிமை பெற்றது எவ்வாறு? இதற்கு விடை காண்பதில் தமிழ்நாட்டிற்குப் பெரும் பங்கு உண்டு. 1952-ஆம் ஆண்டில் ஜி. என். இராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய முப்பது. சென்னைக்கு வந்திருந்த ஆங்கில அறிஞர் பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளியப்படவில்லை என்று அவரிடம் கூறினார். இராமச்சந்திரன் அதனையே தம் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார். அதுகாலை சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் புதிதாக எழுந்திருந்தது. 1948-இல் தோற்றுவிக்கப்பட்ட அந்நிலையத்தாருக்கும் தோலின் அடிப்படைப் பொருளாகிய கொலாஜனில் நாட்டம் இருந்தது. இரு சாராரின் அறிவும் கலந்தன. கங்காருவின் வால் தசைநாணிலிருந்து பெற்ற கொலாஜனின் ஊடே எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அவை சிதறும் கோலத்தைப் படமாக எடுத்து, இராமச்சந்திரனும் அவருடைய துணைவர் கோபிநாத் கர்த்தாவும் ஆராய்ந்தனர்.

அவர்கள் கண்ட உண்மை வியப்புக்குரியது. தென்னை நாரை மூன்று புரிகளாக முறுக்கிக் கயிறு திரிப்பது போல, மூன்று அமினோ அமிலச் சரங்கள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டு ஒரு கொலாஜன் மூலக்கூறாக அமைந்துள்ளன. ஒவ்வொரு சரத்திலும் ஏறக்குறைய ஆயிரம் அமினோ அமிலங்கள் உண்டு. அவற்றுள் ஒவ்வொரு மூன்றாவதும் கிளைசீன் என்பதாகும். அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது கிளைசீனே. முப்புரியின் நடுவே உள்ள இடம் மிகக் குறுகியது. வேறு எதற்கும் அங்கே இடமில்லை. 1954-இல் முதல் வடிவத்தையும் 1955-இல் திருந்திய வடிவத்தையும் அவர்கள் நேச்சர் என்னும் அறிவியல் இதழில் வெளியிட்டனர். அணுக்கள் எவ்வளவு நெருங்கி அமையலாம் என்பது பற்றி வெளிநாட்டு அறிஞர்கள் மாறுபட்ட கருத்துக் கூறினர். அக்கருத்து வேறுபாட்டால் இராமச்சந்திரன் சோர்வடையவில்லை. மேலும் ஆழ்ந்து ஆராய்ந்தார். அதன் பயனாக 1963-இல் வெளிவந்த இராமச்சந்திரன் வரைபடம், புரதங்களை ஆராய்வோர் உலகெங்கும் இன்றும் கையாளும் கருவியாக விளங்குகிறது.

கொலாஜனின் முப்புரி குலையாமல் நிற்பதற்கு வைட்டமின் சி தேவை. உடல் கொலாஜனைச் செய்யும்போது சில அமினோ அமிலங்களில் சிறு மாறுதல் உண்டாக இவ்வைட்டமின் துணைபுரிகிறது. அது குறைந்தால் முப்புரி தளர்ந்துவிடும், ஈறுகளில் குருதி கசியும், புண்கள் ஆறா. நெல்லிக்கனியும் எலுமிச்சையும் கொய்யாவும் உண்பதால் விளையும் நன்மைகளுள் இதுவும் ஒன்று.

தோல் பதனிடும் தொழிலை அறிந்தோர்க்குக் கொலாஜனின் மற்றோர் இயல்பும் விளங்கும். உரித்த பச்சைத்தோலை அப்படியே விட்டால் சில நாள்களில் அழுகிவிடும். நுண்ணுயிர்களின் நொதிகள் கொலாஜன் சரங்களை அறுப்பதே அதற்குக் காரணம். ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றின் துவர்ப்புப் பொருளில் ஊறவைத்தால் சரங்களுக்கு இடையே புதிய பிணைப்புகள் தோன்றுகின்றன. பின்னர் நொதிகள் அதனை எளிதில் அறுக்க மாட்டா. அதுவே செருப்பாகவும் பையாகவும் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. தோல் தொழிலுக்கு அழியாத கொலாஜன் வேண்டும். மருத்துவத்திற்கோ உரிய காலத்தில் அழியும் கொலாஜன் வேண்டும். சரங்களுக்கு இடையே சில பிணைப்புகளை மட்டும் உண்டாக்கினால், அது எத்தனை நாள் உடலில் நிற்க வேண்டும் என்பதை ஓரளவு வரையறுக்கலாம். தோலை அழியாமல் காக்கும் கலையை நன்கு அறிந்தோர், அதனை அளவோடு அழியச் செய்யும் கலையிலும் வல்லவர் ஆனதில் வியப்பில்லை.

மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார் கொலாஜனிலிருந்து தீப்புண்ணுக்குரிய மென்படலத்தைச் செய்யும் முறையை உருவாக்கினர். கால்நடைகளிலிருந்து கிடைக்கும் கொலாஜன் மிக்க பகுதிகளைத் தூய்மை செய்து, கொழுப்பையும் பிற புரதங்களையும் நீக்குவர். கொலாஜன் மூலக்கூற்றின் இரு முனைகளிலும் முறுக்கில்லாத சிறு வால்கள் உண்டு. அயற்பொருள் என்று நம் உடல் வெறுப்பதற்கு இவ்வால்களே பெரிதும் காரணமாதலின், நொதியால் அவற்றைக் கத்தரிப்பர். எஞ்சியதை மெல்லிய அமிலத்தில் கரைத்து, மெல்லிய படலமாக வார்த்து, கிருமி நீக்கி உறையில் அடைப்பர். மீனின் தோலிலிருந்தும் செதிளிலிருந்தும் கொலாஜன் எடுக்கும் ஆராய்ச்சிகளும் நடைபெற்றுள்ளன.

இப்படலத்தை மருத்துவர் எவ்வாறு பயன்படுத்துகிறார்? முதலில் புண்ணில் உள்ள அழுக்கையும் இறந்த தோலையும் நீக்குவார். பின்னர்ப் படலத்தைத் தூய உப்பு நீரில் அலசிக் காற்றுக் குமிழி இல்லாதவாறு புண்ணின் மேல் விரிப்பார். அது புண்ணோடு படிந்துகொள்ளும். திறந்து கிடந்த நரம்பு முனைகள் மூடப்படுவதால் வலி தணியும். நீர்க் கசிவு குறையும். நாள்தோறும் கட்டு மாற்றும் துன்பமும் இல்லை. படலம் கண்ணாடி போலிருப்பதால் அடியில் புண் ஆறுவதை மருத்துவர் வெளியிலிருந்தே காணலாம். படலத்தின் அடியில் உயிரணுக்கள் தழைத்துப் புதுத்தோல் மூடும்போது, படலத்தின் ஒரு பகுதி உடலின் நொதிகளால் சிதைந்து அமினோ அமிலங்களாகி மறையும். மேலே உலர்ந்த பகுதி பொருக்குப் போலத் தானே உதிரும்.

இப்படலம் எல்லாத் தீப்புண்ணுக்கும் ஏற்ற மருந்து என்று எண்ணிவிடுதல் கூடாது. உள்தோலின் ஒரு பகுதி எஞ்சியுள்ள புண்ணுக்கே இது சிறந்தது. கிருமி மிகுந்து சீழ் பிடித்த புண்ணில் இடுவதால் பயன் இல்லை. உள்தோல் முழுவதும் வெந்த இடத்தில் தோல் ஒட்டும் அறுவை மருத்துவம் இன்றியமையாதது. உடலின் பெரும்பகுதி வெந்தவருக்கு ஒட்டுவதற்குரிய நல்ல தோல் எங்கே கிடைக்கும்? இவ்விடரைப் போக்க, அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் யானஸ் என்னும் அறிஞரும் பர்க் என்னும் அறுவை மருத்துவரும் பல ஆண்டுகள் உழைத்தனர். மாட்டுக் கொலாஜனையும் சுறாமீன் குருத்தெலும்பிலிருந்து எடுத்த பொருளையும் சேர்த்து, நுண்துளைகள் நிறைந்த படலம் ஒன்றைச் செய்தனர். அதன் மேற்புறத்தைச் சிலிக்கோன் ஏட்டால் மூடினர். துளைகளின் வழியே குருதிக் குழாய்களும் உயிரணுக்களும் நுழைந்து புதிய உள்தோலை உண்டாக்கின. பின்னர்ச் சிலிக்கோன் ஏட்டை நீக்கி, மிக மெல்லிய தோலை மட்டும் அதன்மேல் ஒட்டினர். 1981-இல் பத்து நோயாளிகளிடம் கண்ட பயனை அவர்கள் வெளியிட்டனர். நம் நாட்டிலும் திருவனந்தபுரத்துச் சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தார், பன்றியின் பித்தப்பையிலிருந்து உயிரணுக்களை நீக்கிப் புண் ஆற்றும் சாரம் ஒன்றைச் செய்துள்ளனர். 2023-இல் அதற்கு அரசின் இசைவு கிடைத்தது.

இயற்கைப் பலபடிகளேயன்றி, மனிதன் செய்த பலபடிகளும் இப்பணியில் ஈடுபட்டுள்ளன. பாலி லாக்டிக் அமிலம், பாலி கிளைக்காலிக் அமிலம் என்பவை அவற்றுள் முதன்மையானவை. முற்காலத்தில் உட்புண்களைத் தைக்க ஆட்டுக்குடலிலிருந்து திரித்த இழையைப் பயன்படுத்தினர், அதுவும் கொலாஜனே. 1970-ஐ ஒட்டிப் பாலி கிளைக்காலிக் அமில இழை வழக்கிற்கு வந்தது. அது ஏறக்குறைய ஒரு திங்களில் வலிமை இழந்து, சில திங்களில் முழுதும் மறைந்துவிடும். பாலி லாக்டிக் அமிலமோ ஓராண்டுக்கு மேலும் நிற்கும். ஆகவே, முறிந்த எலும்பை இணைக்கும் திருகாணிகளையும் அதனால் செய்கின்றனர். அது சிதையும்போது தோன்றும் லாக்டிக் அமிலம், நாம் ஓடியாடும்போது நம் தசைகளில் உண்டாகும் பொருளே. உடல் அதனைக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றி வெளியேற்றிவிடும்.

இவற்றில் எல்லாம் ஒரே விதி அமைந்திருப்பதைக் காண்கிறோம். சாரம் பிரியும் வேகமும் சுவர் எழும்பும் வேகமும் ஒத்திருக்க வேண்டும். சாரம் முன்னதாகப் பிரிந்தால் சுவர் சரியும். காலம் கடந்தும் நின்றால் அதுவே இடையூறாகும். அன்றியும், புண்ணை ஆற்றுவது உடலே; பலபடி அதற்குத் துணை மட்டுமே. உடல் தன் வேலையைச் செய்ய இடமும் காலமும் அமைத்துத் தந்து, பிறகு வழிவிட்டு அகலுவதே நல்ல மருத்துவப் பொருளின் இலக்கணம்.

எத்துணைச் சிறந்த படலமாயினும், தீப்பட்ட முதல் சில நிமிடங்களில் செய்யும் உதவிக்கு ஈடாகாது. ஆதலின் நாம் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியவை சில உள. ஆடையில் தீப்பற்றினால் ஓடுதல் கூடாது. தரையில் படுத்துப் புரளுதல் வேண்டும். தீ அணைந்தவுடன் வெந்த இடத்தில் குளிர்ந்த தூய நீரை இருபது நிமிடம் இடைவிடாது ஊற்ற வேண்டும். பனிக்கட்டி வைத்தல் ஆகாது. வீக்கம் தோன்றுமுன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட வேண்டும். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கலாகாது, கொப்புளங்களை உடைக்கலாகாது. மை, பற்பசை, மாவு போன்றவற்றைப் பூசினால் புண்ணின் ஆழத்தை மருத்துவர் அறிய முடியாது; கிருமியும் சேரும். தூய துணியால் மெல்ல மூடிக் காலம் தாழ்த்தாது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

பிறர் வீட்டு விளக்குத் திருநாளுக்கு ஒளியும் ஒலியும் செய்து தருவோர், தம் தோலையும் விரல்களையும் இடருக்கு உட்படுத்தியே அவற்றைச் செய்கின்றனர். விபத்து நேராத வகையில் தொழிற்கூடங்களை அமைப்பதே அவர்களுக்கு நாம் செய்யும் முதற்கடமை. அதையும் மீறி நேர்ந்த புண்ணை வடுவின்றி ஆற்ற வழிகாணுவது அடுத்த கடமை. கங்காரு வாலின் இழையில் முப்புரியைத் தேடிய அறிஞரின் உழைப்பு ஒரு புறமும், தோலின் இயல்பை ஆராய்ந்த நிலையத்தாரின் உழைப்பு மறுபுறமும் சேர்ந்து, கொலாஜனைப் பற்றிய அறிவு இந்நாட்டில் வளர்ந்தது. அவ்வறிவு மெல்லிய படலமாகி, வெந்த கை ஒன்றின் மேல் விரிந்து, அவ்விரல்கள் மீண்டும் நிமிர உதவுமாயின், அதைவிடச் சிறந்த பயன் கல்விக்கு வேறு யாது? கரிசல் நிலத்துப் பள்ளிகளில் இன்று பயிலும் மாணவர் சிலரேனும் நாளை இத்துறையில் புகுந்து, இதனினும் சிறந்த பொருள்களைக் காண்பார்களாக.